பல்லிப் பெட்டி உள்ள அறையில் பூச்சிமருந்து அடிக்கலாமா?

பரந்தன் பகுதியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்:

"எங்கள் வீடு வயற்கரையில் இருக்கிறது. பதினான்கு வயது மகன், கொழும்பிலுள்ள தன் மாமா கொடுத்த லெப்பர்ட் கெக்கோ என்னும் பல்லியொன்றையும் சிவப்புக்காது ஆமைகள் இரண்டையும் விறாந்தையை ஒட்டிய அறையில் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கிறான். மாரி தொடங்கிய நாள்முதல் அந்த அறையில் சிலந்தி, கரப்பொத்தான், எறும்பு எல்லாம் பெருகிவிட்டன. போன கிழமை உள்ளங்கையளவு சிலந்தியொன்றைச் சுவரில் கண்ட மாமியார், அது புலிமுகச்சிலந்தி என்று சொல்லி அந்தப் பக்கமே போக மறுக்கிறார். கணவர் கடையில் வாங்கிய ஸ்பிரேயை அறை முழுவதும் அடித்தார். மூன்று நாளாகப் பல்லி இரை எடுக்கவில்லை. சிலந்தி மட்டும் திரும்ப வந்துவிட்டது. வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சமிருப்பதைத் தண்ணீரில் கலந்து சுவருக்கு அடித்தால் ஒரேயடியாகத் தீரும் என்கிறார் கணவர். வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுப் புகைத்தால் போதும் என்கிறார் மாமியார். பல்லியின் பெட்டிக்குள் மிளகாய்த்தூள் போன்ற சிறு புள்ளிகளும் ஊர்கின்றன. மாட்டுக்கு உண்ணிக்குப் போடும் ஊசிமருந்தில் ஒரு சொட்டைப் பல்லிக்கும் ஆமைக்கும் வாயில் விடலாம் என்று அயலவர் ஒருவர் சொல்கிறார். நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது?"

மிருக வைத்தியரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

ஸ்பிரே, வயல் மருந்து, புகை, ஊசிமருந்து என்ற நான்கு யோசனைகள் உங்கள் கடிதத்தில் உள்ளன. நான்கையும் இன்றே நிறுத்திவையுங்கள். அவற்றுள் வயல் மருந்தும் ஊசிமருந்தும் ஒருபோதும் வேண்டாம். காரணங்களைப் பிறகு சொல்கிறேன். மூன்று நாளாகச் சாப்பிடாத பல்லியை முதலில் பார்ப்போம்.

லெப்பர்ட் கெக்கோ தன் வாலில் கொழுப்பைச் சேமித்து வைக்கும் பிராணி. வளர்ந்த, வால் தடித்த பல்லி மூன்று நாள் இரை எடுக்காததை மட்டும் வைத்து அதற்கு நஞ்சேறிவிட்டது என்று சொல்ல முடியாது. மாரிக்காலக் குளிர் ஒன்றே அதன் பசியைக் குறைக்கப் போதுமானது. ஆனால் கால்கள் துடிக்கின்றனவா, தலை ஒரு பக்கமாகச் சாய்கிறதா, வாயைத் திறந்தபடி மூச்சு விடுகிறதா, வாயில் எச்சில் நுரைக்கிறதா, மல்லாத்திவிட்டால் தானாகப் புரள முடியாமல் கிடக்கிறதா என்று இன்று மாலையே பாருங்கள். இவற்றுள் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு வாசித்துக்கொண்டிருக்காமல், காற்றுத் துளையிட்ட ஒரு பெட்டியில் அதை வைத்து, அடித்த ஸ்பிரே தகரத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு அருகிலுள்ள மிருக வைத்தியரிடம் போங்கள். தகரத்தை எடுத்துப்போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நரம்பைத் தாக்கும் மருந்துகளில் ஒரு வகைக்குக் கொடுக்கும் மாற்றுமருந்து மற்ற வகைக்கு உதவாது. எதை அடித்தீர்கள் என்பதைத் தகரத்தில் பொறித்துள்ள பெயர் ஒன்றே எங்களுக்கு உறுதியாகச் சொல்லும்.

அந்த அறிகுறிகள் இல்லையென்றால், பல்லியையும் ஆமைகளையும் ஸ்பிரே அடிக்காத வேறோர் அறைக்கு மாற்றுங்கள். பல்லியின் உடலை வெதுவெதுப்பான வெறும் நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். பெட்டியின் அடியில் போட்டிருக்கும் மணலையோ தும்பையோ முழுவதுமாக அகற்றிவிட்டு வெறும் கடதாசி விரியுங்கள். கண்ணாடியைச் சவர்க்கார நீரால் கழுவிப் பின்னர் நல்ல நீரால் இருமுறை அலசுங்கள். இதில் கண்ணாடி மிக முக்கியமானது, ஏனெனில் இந்தப் பல்லி கண்ணாடியில் படியும் நீர்த்துளிகளை நக்கிக் குடிக்கும் இயல்புடையது. ஸ்பிரேயின் துளி படிந்த கண்ணாடியை அது நக்கும்போது நாம் காற்றில் அடித்த மருந்தை அது வாயால் உட்கொள்கிறது. ஆமைத் தொட்டியின் நீரை முழுவதும் இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். வடிகட்டியில் உள்ள பஞ்சையும் மாற்றுங்கள். ஸ்பிரேயின் நுண்துளிகள் இறங்கித் தங்குவது நீரின் மேற்பரப்பிலேதான், ஆமை மூக்கை நீட்டி மூச்செடுப்பதும் அங்கேதான். காற்றுப் பம்பு வைத்திருந்தால் அது அறைக் காற்றை இழுத்து நீருக்குள்ளேயே செலுத்தியிருக்கும். தொட்டியில் மீனும் விட்டிருந்தால் மகனுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும். இந்த மருந்துகளுக்கு மீன்தான் முதலில் சாகும்.

நஞ்சு முறிய வேண்டுமென்று பாலோ, இளநீரோ, தேங்காயெண்ணெயோ வாயில் ஊற்றாதீர்கள். நஞ்சு பட்ட பல்லிக்கு வீட்டில் யாராவது பால் பருக்கியிருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன், பாதி வேளைகளில் அந்தப் பால் நுரையீரலுக்குள் போயிருக்கிறது. இரையைத் திணிக்கவும் வேண்டாம். பெட்டியின் ஒரு பக்கத்தை 30 முதல் 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, சிறு கிண்ணத்தில் நீர் வைத்து, தொந்தரவு செய்யாமல் விடுங்கள்.

வெப்பத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. கடைகளில் விற்கும் ஸ்பிரே, நுளம்புத்திரி, மின்சாரத்தில் செருகும் திரவப் போத்தல் ஆகிய எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்ட் என்ற ஒரே குடும்பத்து மருந்துகள். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், பிரலெத்ரின், டிரான்ஸ்புளூத்ரின் என்று தகரத்தில் 'த்ரின்' என முடியும் பெயர் எதைக் கண்டாலும் அது இந்தக் குடும்பம் என்று கொள்ளலாம். இவை நரம்பின் வாசல்களை மூடவிடாமல் திறந்தே வைத்திருந்து, நரம்பு ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கச் செய்கின்றன. உடற்சூடு குறைந்திருக்கும்போது இந்த மருந்தின் வேகம் கூடும் என்பதுதான் இதன் தனித்தன்மை. நமக்கு உடல் எப்போதும் 37 பாகையில் இருக்கிறது. நமது ஈரல் இந்த மருந்தை விரைவாகச் சிதைத்தும்விடுகிறது. ஆகவேதான் 'மனிதருக்குப் பாதுகாப்பானது' என்று தகரத்தில் எழுத முடிகிறது. பல்லியின் உடலோ அறையின் குளிரையே தன் குளிராகக் கொள்வது. மழை பெய்யும் இரவில் அது குளிர்ந்து கிடக்கும்போது, கோடைப் பகலில் அதைப் பாதிக்காத அளவே பாதித்துவிடக்கூடும். உங்கள் கணவர் அடித்தது மாரிக்கால இரவொன்றில் என்றால், தெரியாமலேயே மிக மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர்மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. இதைத் தகரத்தில் எவரும் அச்சிடுவதில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒருவருக்குத் தவறான ஆலோசனை சொல்லியிருக்கிறேன். பெட்டியை ஒரு துணியால் மூடிவிட்டு ஸ்பிரே அடிக்கலாம் என்றேன். துணி மருந்தை உறிஞ்சிக்கொண்டு இரவெல்லாம் பெட்டியின்மேல் கிடந்தது. வெறும் காற்றில் அடித்திருந்தால் சில மணி நேரத்தில் குறைந்திருக்கக்கூடியது, துணியிலிருந்து விடியும்வரை கசிந்துகொண்டிருந்தது. அந்தப் பிராணி பிழைத்தது என்றாலும் அன்றிலிருந்து 'மூடிவிட்டு அடியுங்கள்' என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. மருந்து அடிக்கத்தான் வேண்டுமென்றால் பிராணிதான் வீட்டின் மறுகோடிக்குப் போகவேண்டும். அறையை நன்றாகக் காற்றாட விட்டு, பரப்புகளைத் துடைத்த பின்னரே, குறைந்தது ஒரு முழு நாள் கழித்து, அது திரும்பி வரவேண்டும்.

இனி வயல் மருந்து. உங்கள் கணவருக்கு அந்த யோசனை தோன்றியதில் எனக்கு வியப்பில்லை. வன்னியில் ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும், மலேரியாத் தடுப்புக்காரர் முதுகில் பம்போடு வந்து, சட்டி பானைகளை வெளியே எடுக்கச் சொல்லி, வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளையாக மருந்தடித்துவிட்டுப் போனது நினைவிருக்கும். முதலில் டி.டி.ரி., பிற்காலத்தில் மலத்தியன் என்று மாறினாலும், சுவருக்கு மருந்தடிப்பது வீட்டுக்கு நல்லது என்ற எண்ணம் நம்மிடம் தங்கிவிட்டது. ஆனால் அது உயிரைக் கொல்லும் நோயொன்றை ஒழிப்பதற்காக, பயிற்சி பெற்றவர்கள் அளந்து செய்த வேலை; 2016ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தும்விட்டது. நெல்லுக்கு அடிக்கும் மருந்து, வெயிலும் காற்றும் மழையும் அதைக் கரைத்துக் குறைக்கும் என்ற கணக்கில் செய்யப்படுவது. வீட்டுச் சுவரில் வெயிலுமில்லை, மழையுமில்லை. சீமெந்துச் சுவர் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு கிழமைக்கணக்கில் வெளிவிடும். அந்த அறையில் படுப்பது பல்லி மட்டுமல்ல, உங்கள் மகனும்தான் என்று ஊகிக்கிறேன். மிச்ச மருந்தை அதன் சொந்தப் போத்தலிலேயே, சோடாப் போத்தலுக்கு மாற்றாமல், வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள்.

மாமியார் கண்ட சிலந்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் வீட்டில் மருந்தடிக்கத் தூண்டுவது கரப்பொத்தானைவிட அந்தப் பயம்தான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. புலிமுகச்சிலந்தி பொய்க்கதையல்ல. 2013ஆம் ஆண்டில் உலகச் செய்திகளில் பேசப்பட்ட, கால்களை விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் வரும் பெருஞ்சிலந்தி, நம்முடைய மாங்குளத்தில் கண்டெடுக்கப்பட்டதுதான். ஊரவர் கொன்று கொடுத்த உடலொன்றே அந்த ஆய்வின் தொடக்கம். இந்த இனம் முதிய மரங்களின் பொந்துகளில் வாழ்வது. காடு அழிந்து பொந்து மரம் கிடைக்காதபோதுதான் பழைய கட்டடங்களுக்குள் வருகிறது. அது கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும், வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அது மனிதரைத் தேடி வந்து கடிப்பதில்லை.

இருந்தாலும் உங்கள் மாமியார் கண்டது அதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு. நமது வீட்டுச் சுவர்களில் உள்ளங்கையளவாகத் தட்டையாகப் படிந்திருந்து, கிட்டப் போனால் நண்டைப்போலப் பக்கவாட்டில் மின்னலாக ஓடுவது வேட்டைச் சிலந்தி. அது வலை பின்னாது. சில வேளைகளில் வயிற்றின் கீழே வெள்ளை நாணயம்போல முட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு திரியும். புலிமுகச்சிலந்தியின் கால்கள் தடித்து, அடர்ந்த மயிருடன் இருக்கும். முன்னங்கால்களைத் தூக்கினால் அடிப்பக்கம் மஞ்சளும் கறுப்புமாகத் தெரியும். வேட்டைச் சிலந்தியின் முக்கிய இரைகளில் ஒன்று கரப்பொத்தான். எனவே, அதைக் கண்டீர்கள் என்றால் அங்கே அதற்குத் தீனி இருக்கிறது என்று பொருள். ஸ்பிரே அடித்த பின்னரும் சிலந்தி திரும்பி வந்ததன் காரணமும் இதுவே: தீனி அங்கேயே இருக்கிறது. அத்துடன், சிலந்தி சுவரில் நுனிக்காலால் நடக்கும் பிராணி என்பதால், காய்ந்த மருந்தின்மேல் படாமல் கடந்து போய்விடுகிறது. அந்த மருந்து பல்லிக்குப் பட்ட அளவுகூட அதற்குப் பட்டிருக்காது.

சிலந்தியை அகற்ற வேண்டுமென்றால் அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் போத்தலை அதன்மேல் கவிழ்த்து, சுவருக்கும் போத்தலுக்கும் இடையே தடித்த மட்டையொன்றைச் செருகி, வளவின் கடைசி மரத்தடியில் கொண்டுபோய் விடுங்கள். வலை பின்னும் சிறு சிலந்திகளுக்குத் தும்புத்தடியே போதும். கிழமைக்கு ஒருமுறை மூலைகளையும் பெட்டிகளின் பின்புறத்தையும் கூட்டி எடுத்தால், அவை வேறிடம் தேடிப் போகும். உண்மையில் புலிமுகச்சிலந்திதான் வந்தது என்றால் போத்தல் வேலையை மகனிடம் விடாமல் பெரியவர் ஒருவர், நீளக் கைப்பிடியுள்ள வாளியாலோ வலையாலோ செய்யட்டும். பல்லிப் பெட்டிக்குள் மட்டும் எந்தப் பெரிய சிலந்தியையும் விட்டுவிடாதீர்கள். பல்லி அதை இரையென்று பாயும். அது திருப்பிக் கடிக்கும்.

தீனியைப் பற்றிச் சொன்னேன். அந்தத் தீனி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நாமே அழைப்பதுதான். மாரிக்காலத்தில் முதல் நல்ல மழைக்குப் பின்னர் ஈசல் எழும்பும் இரவுகளை நினைத்துப் பாருங்கள்: வயற்கரையில் இருட்டு, உங்கள் விறாந்தையில் ஒரு வெள்ளை மின்குமிழ், அதற்கடுத்த அறையில் ஆமைக்கும் பல்லிக்கும் எரியும் விளக்குகள். சுற்றுவட்டாரத்துப் பூச்சிகள் எல்லாம் அங்கேதான் வரும், சிலந்தி அவற்றின் பின்னால் வரும். விறாந்தை விளக்கை மஞ்சள் ஒளி தரும் குமிழாக மாற்றுங்கள். வெள்ளை ஒளிக்கு வருவதைவிட அதற்குப் பூச்சி குறைவாகவே வரும். அதைக் கதவுக்கு நேர்மேலே வைக்காமல் சற்றுத் தள்ளி முற்றத்துக் கம்பத்தில் போட்டால் இன்னும் நல்லது. அறை யன்னலுக்கு நுளம்புவலை அடியுங்கள். கதவின் அடி இடைவெளியைச் சுருட்டிய சாக்கால் மாலை ஆறு மணிக்கு முன்னர் அடையுங்கள். ஆமையின் பகல் விளக்கை மாலையானதும் அணைத்துவிடுங்கள், அதற்கும் இரவு வேண்டும். பல்லிக்கு இரவில் சூடு தேவையென்றால் பெட்டியின் அடியில் வைக்கும் சூட்டுத்தட்டைப் பாவிக்கலாம். அது ஒளி தராது. ஆனால் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியுடன்தான் பாவிக்கவேண்டும், இல்லையென்றால் வயிறு வெந்துவிடும்.

கரப்பொத்தானுக்கு மூன்று பொருட்கள் வேண்டும்: ஈரம், எச்சில் உணவு, அட்டைப்பெட்டி. ஆமைக்குப் போட்ட உணவில் மிஞ்சியதை அரைமணி நேரத்தில் வலையால் அள்ளிவிடுங்கள். பல்லிக்கு இரையாகப் போட்ட வெட்டுக்கிளியோ புழுவோ இரவு முடிந்தும் மிஞ்சியிருந்தால் எடுத்துவிடுங்கள்; பசித்த சுவர்க்கோழிகள் தூங்கும் பல்லியின் தோலையும் கண்ணோரத்தையும் கடித்துப் புண்ணாக்குவதை நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குக் கீழே பழைய புத்தக அட்டைப்பெட்டிகளை அடுக்காதீர்கள். வடிகான் வாய்க்குக் கம்பிவலை போடுங்கள். இவ்வளவும் செய்தும் குறையவில்லை என்றால், கரப்பொத்தானுக்கான பசைமருந்தை அந்த அறையில் அன்றிக் குசினியில், அலுமாரிப் பிணைச்சல்களுக்குள் பொட்டுப் பொட்டாக வைக்கலாம். போரிக் தூளைச் சீனியுடன் கலந்து, பல்லியோ குழந்தையோ எட்டாத, மூடியில் சிறு துளையிட்ட டப்பாவுக்குள் வைக்கலாம். இரண்டிலும் ஓர் ஆபத்து உண்டு. மருந்து தின்ற கரப்பொத்தான் தட்டுத்தடுமாறி நடக்கும், தடுமாறி நடக்கும் பூச்சி எந்தப் பல்லிக்கும் எளிதான இரை. ஆகவே மருந்து வைத்த வீட்டில் பல்லிப் பெட்டிக்கு நெருக்கமான கம்பிவலை மூடி கட்டாயம் வேண்டும், வீட்டில் பிடித்த பூச்சி எதையும் மகன் அதற்குக் கொடுக்கவே கூடாது. வயல்வரப்பில் பிடிக்கும் வெட்டுக்கிளிக்கும் இதே விதிதான், பக்கத்து வயலில் நேற்று என்ன அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. மின்மினிப் பூச்சியை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். வட அமெரிக்க மின்மினிகளின் உடலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருப்பதும், வீட்டில் வளர்த்த பல்லியினங்கள் அவற்றைத் தின்று இறந்ததும் பதிவாகியுள்ளன. நம்மூர் மின்மினியைச் சோதித்துப் பார்க்க உங்கள் பல்லியைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒட்டுத்தட்டு வைக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். வைத்தால் முதலில் ஒட்டிக்கொள்வது கரப்பொத்தானை ஓசையில்லாமல் தின்றுகொண்டிருந்த சுவர்ப்பல்லிதான். தப்பித்த வீட்டுப் பிராணியும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். தோல் கிழியும், வால் கழன்றுவிடும். தேங்காயெண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு விரலால் நெகிழ்த்தி எடுக்கலாம். ஒட்டுத்தட்டை மூடிய டப்பாவுக்குள், பூச்சி நுழையும் அளவு துளையிட்டு வைத்தால் எனக்கு மறுப்பில்லை.

எறும்பு சின்ன விடயமல்ல. நெருப்பெறும்பும் முசுறும் இரவில் பெட்டிக்குள் ஏறினால், குளிர்ந்து கிடக்கும் பல்லிக்கு ஓடித் தப்பவும் வலுவிருக்காது. பெட்டி வைத்த மேசையின் நான்கு கால்களையும் நீர் ஊற்றிய கிண்ணங்களுக்குள் வையுங்கள். நம் பாட்டிமார் உணவு அலுமாரிக்குச் செய்த அதே வேலைதான். ஆனால் மாரிக்காலத்தில் தேங்கிய நீர் டெங்கு நுளம்புக்கு வீடு என்பதால், அந்த நீரில் சில துளி சவர்க்காரக் கரைசலை விட்டு, கிழமைக்கு இருமுறை மாற்றவேண்டும். மேசை சுவரில் முட்டாமலிருக்கட்டும், மின்கம்பி நிலத்தைத் தொடாமல் மேலாகச் செல்லட்டும்; இவற்றை மறந்தால் எறும்பு கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சுவர்வழியே போகும். எறும்பு வந்த தடத்தை வினாகிரி கலந்த நீரால் துடைத்தால் தடமணம் அழியும். துடைத்த இடம் காய்ந்த பின்னரே பெட்டியை வையுங்கள். கடைகளில் விற்கும் எறும்புச் சோக்கும் பெரும்பாலும் பைரித்ராய்ட் மருந்தைச் சுண்ணாம்பில் குழைத்துச் செய்ததே. பள்ளிச் சோக்கைப்போலத் தோன்றுவதால் அதைப் பெட்டியின் விளிம்பில் வட்டமிட்டுக் கீறுகிறார்கள். வேண்டாம்.

மாமியாரின் புகைக்கு வருகிறேன். இயற்கையான பொருள் என்பதால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. ஊர்வனவற்றுக்கு நம்மைப்போல மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இல்லை; ஆகவே நாம் இருமித் துப்புவதைப்போல அவற்றால் நுரையீரலைச் சுத்தம் செய்ய முடியாது. வேப்பிலைப் புகையும் சாம்பிராணியும் ஊதுபத்தியும் நுளம்புத்திரியும் உள்ளே போனால் அங்கேயே தங்கும். ஆமையின் மூக்கில் குமிழி வருவதும், நீரில் ஒரு பக்கம் சாய்ந்து மிதப்பதும் பல வேளைகளில் இப்படித் தொடங்கிய நுரையீரல் நோய்தான். புகை போடும் உங்கள் வழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி சாமியறையோடும் முற்றத்தோடும் நிற்கட்டும். இந்த அறையின் கதவு அப்போது மூடியிருக்கட்டும். பூச்சியுருண்டையையும் பெட்டியருகே வைக்காதீர்கள். மகன் அந்த அறையிலேயே படுப்பதென்றால் அவனுக்கு நுளம்புவலை கட்டிக்கொடுப்பதே சரியானது.

டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் குழுவினர் புகையடிக்க வந்தால் மறுக்க வேண்டாம், அது ஊருக்கான வேலை. பிராணிகளை மூடிய பெட்டிகளில் புகை வரும் திசைக்கு எதிர்த்திசையிலுள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் அறையைத் துடைத்த பின்னர் திரும்பக் கொண்டுவாருங்கள். காற்றுப் பம்பை நிறுத்தி வைக்கவும் மறக்காதீர்கள்.

பெட்டிக்குள் ஊரும் செம்புள்ளிகளைப் பற்றி. இரண்டு வகை உண்டு. மண்ணிலும் எச்சத்திலும் மொய்க்கும் வெளிறிய தூள் போன்றவை அழுகலைத் தின்பவை, அவற்றால் பல்லிக்குத் தீங்கில்லை. ஈரம் கூடிவிட்டது, துப்புரவு போதாது என்பதே அவை சொல்லும் சேதி. கண்ணிமை ஓரத்திலும் காதுத் துளையிலும் விரலிடுக்கிலும் கருஞ்சிவப்பாகச் செறிந்திருப்பவை இரத்தம் குடிக்கும் சிற்றுண்ணிகள். வெள்ளைக் கடதாசியில் ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். சிவப்பாக இழுபட்டால் அது இரண்டாவது வகை. எந்த வகையானாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: அடிப்பரப்பை அகற்றி எரிப்பது, மர ஒளிவிடங்களைக் கொதிநீரில் ஊறவைத்துக் கடும் வெயிலில் காயவைப்பது, கடதாசியை நாள்தோறும் மாற்றுவது. இரண்டாவது வகை என்றால் இவற்றோடு வைத்தியரிடமும் காட்டவேண்டும். நாய்க்குப் போடும் உண்ணித்தூளையோ கழுத்தில் விடும் துளிமருந்தையோ போடாதீர்கள். நாய்க்கு மருந்து போட்ட கையோடு பல்லியைத் தூக்கவும் வேண்டாம்.

அயலவர் சொல்லும் மாட்டு ஊசிமருந்து ஐவர்மெக்ரின் என்றே நினைக்கிறேன். மாட்டுக்கு அது அருமையான மருந்து, நானே கிழமைதோறும் போடுகிறேன். ஆனால் ஆமையினங்களுக்கு அது கொல்லும் நஞ்சு. அவற்றின் மூளைக்கும் தசைக்கும் அந்த மருந்து எளிதாகச் சென்று கைகால்களைச் செயலிழக்கச் செய்துவிடும், சாகும்போது மூச்சும் அதனாலேயே நிற்கும். சில பல்லியினங்களுக்கு, எடையை அளந்து, பலமடங்கு ஐதாக்கி வைத்தியர் ஒருவர் கொடுப்பதுண்டு. மாட்டுக்கான செறிவில் 'ஒரு சொட்டு' என்பது ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள பல்லிக்கு அளவே அல்ல. ஆமை இருக்கும் வீட்டில் அந்தப் போத்தலை மாட்டுக்கொட்டிலிலேயே வைத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். ஆமையும் பல்லியும் நோய் எதுவுமின்றியே சல்மொனெல்லாக் கிருமியைக் குடலில் சுமக்கும். தொட்டியைக் குசினித் தொட்டியிலோ கிணற்றுக்கட்டிலோ கழுவாமல், கழுவிய நீரைத் தூரத்துத் தென்னை மரத்தடிக்கு ஊற்றுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் அவர்கள் கையில் பிராணியைக் கொடுக்க வேண்டாம். மற்றது, வெளிநாட்டு ஊர்வனவற்றை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி வேண்டும் என்பதால், கொழும்பிலுள்ள உங்கள் சகோதரர் அதை எங்கே வாங்கினார் என்ற பற்றுச்சீட்டையும் பத்திரங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு வளவுக்குள் வரும் நட்சத்திர ஆமையையும் மகன் இந்தத் தொட்டிக்குள் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2019 முதல் அதன் சர்வதேச வணிகமும் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. அது தரைவாழ் ஆமை என்பதால் நீர்த்தொட்டியில் மூழ்கிச் சாகவும் கூடும்.

பல்லியை இன்று மாற்றுகிறீர்கள் என்றால், இடமாற்றத்தின் அலைச்சல் தணிய இரண்டு நாள் விட்டு, மூன்றாம் நாள் இருட்டிய பின்னர், கடையில் வளர்த்து விற்கும் புழு ஒன்றைக் கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நாளாகியும் இரை எடுக்கவில்லை என்றாலோ, அதற்கு முன்னரே வால் மெலியத் தொடங்கினாலோ, அதன் எச்சத்தைச் சிறு போத்தலில் எடுத்துக்கொண்டு, ஸ்பிரே தகரத்தையும் மறக்காமல், மகனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அதன் அன்றாடப் பழக்கங்களை உங்கள் வீட்டில் நன்கு அறிந்தவன் அவன்தான்.